இரண்டு மாப்பிள்ளைகள், ஒரு கியர்பாக்ஸ்

மாப்பிள்ளைகளுக்குள் மனஸ்தாபம் வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் மாமனார் இருவருக்கும் ஒரே மாதிரி பிக்கப் வண்டி கொடுத்தார். மனஸ்தாபம் அங்கேதான் ஆரம்பித்தது.

அவருக்கு மரச்சாமான் கடை. கட்டில், பீரோ, சோபா எல்லாம் விற்பார். ஒரு காலத்தில் கடை வாசலில் மூன்று பிக்கப்புகள் வரிசையாக நிற்கும். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வெள்ளை. வயதானதும் மூன்றும் ஒரே மாதிரி முனக ஆரம்பித்தன. வாடகை லாரிக்கு மாறியபோது ஒன்றை மூத்த மகள் பெயருக்கும், இன்னொன்றை இளைய மகள் பெயருக்கும் மாற்றினார். மூன்றாவதிலிருந்து கழற்ற வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே கழற்றி மற்ற இரண்டிலும் மாட்டியாயிற்று. அது வெறும் கூடாகப் பழைய உதிரிபாகக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆக, வண்டி மகள்கள் பெயரில், ஸ்டியரிங் மாப்பிள்ளைகள் கையில் என்று கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது.

பிறகு மூத்த மாப்பிள்ளையின் வண்டியில் கியர்பாக்ஸ் போனது. உள்ளே பல் உடைந்து, எந்த கியர் போட்டாலும் கரகரவென்று ஒரே பதிலைச் சொன்னது. அடுத்த மாதமே இளைய மாப்பிள்ளையின் வண்டியில் ஹெட் போனது. ஹெட் என்றால் என்ஜினின் தலை. மேலே மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும் கனத்த இரும்பு. அதில் விரிசல் விட்டு, ரேடியேட்டர் தண்ணீரும் ஆயிலும் கலந்து, பால் அதிகமான காபி போல வழிந்தது.

ஒருவரிடம் நல்ல ஹெட், இன்னொருவரிடம் நல்ல கியர்பாக்ஸ். இரண்டையும் சேர்த்தால் ஒரு வண்டி ஓடும். ஆனால் அதற்கு முதலில் இரண்டு மனிதர்கள் சேர வேண்டுமே!

சகலைகள் இருவருக்கும் ஒரு கொள்கை உண்டு. மூத்தவர் ஒருநாளும் இளையவர் வண்டியில் ஏறியதில்லை. இளையவர் ஒருநாளும் மூத்தவர் வண்டியின் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தால் ஏதாவது நன்றாக இருப்பது கண்ணில் பட்டுவிடும், பட்டால் பாராட்ட வேண்டி வரும். எதற்கு வம்பு?

இந்த நிலைமையில்தான் மாமனார் இருவரையும் கடைக்குக் கூப்பிட்டார். விற்பனைக்கு வைத்திருந்த சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் மூத்தவர் நின்றார். மறுமுனையில் இளையவர்.

"வாடகை லாரிக்காரன் இன்னொரு பீரோக் கண்ணாடியையும் உடைச்சிட்டான். போதும். அடுத்த திங்கட்கிழமையிலேர்ந்து டெலிவரி வேலை நம்ம குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும். அன்னிக்குக் காலையில யார் வண்டி ஓடி வந்து வாசல்ல நிக்குதோ, வேலை அவங்களுக்கு."

"ரெண்டு வண்டியும் வந்துட்டா, மாமா?" என்றார் இளையவர்.

"முதல்ல ஒண்ணு வரட்டும், மாப்ளே. மத்ததை அப்புறம் பார்ப்போம்."

மூத்தவருக்கு இது வாழ்வா சாவா விஷயம். வண்டி நின்றதிலிருந்து வீடு ஓடுவது மனைவியின் தையல் மெஷினில்தான். அப்பா கடை சோபாக்களுக்கு அவள் உறை தைத்தாள். அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டால் கை மட்டும்தான் வெளியே வந்தது. "வண்டி எப்ப ரெடி?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் "நாளைக்கு" என்று சொல்லிச் சொல்லி, இப்போது யாரும் கேட்பதையே விட்டுவிட்டார்கள். கேட்டபோது இருந்த எரிச்சலைவிடக் கேட்காதபோது அதிக எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அங்கேதான் அவருக்கு மரியாதை இருந்தது. உடைந்த கியர்பாக்ஸைக் கழற்றி, பழைய மெத்தை ஒன்றின் மேல் இறக்கினார்.

"ஏங்க," மனைவி வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "தங்கச்சி வண்டியில கியர்பாக்ஸ் நல்லாத்தானே இருக்கு? ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"யாரு, நானா? அவன்கிட்டயா?"

"நீங்க கேட்க வேண்டாம். நான் கேட்கிறேன்."

"நீ கேட்டாலும் நான் கேட்ட மாதிரிதான். அப்புறம் ஆயுசுக்கும் அவன் என் தலை மேல உட்கார்ந்துக்குவான்."

"இப்ப மட்டும் என்னவாம்? ஒரு வண்டியே உட்கார்ந்திருக்கு."

வண்டிக்கு அடியிலிருந்து வெளியே தெரிந்த இரண்டு பாதங்களும் கோபமாக அசைந்தன.

மறுநாள் பழைய உதிரிபாகக் கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. 'கிடைக்கும்' என்றால்தான் தெரியும். எந்தச் சாமானைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் அதுதான். "இல்லை" என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

உள்ளே வண்டிக் கதவுகள் புத்தகம் அடுக்கியது போல வரிசையாகச் சாய்ந்து நின்றன. அலமாரி முழுக்க ஹெட்லைட்டுகள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தன. உத்தரத்திலிருந்து ஸ்டியரிங் வளையங்கள் தொங்கின. நடுவில், எந்தக் காரிலிருந்தோ பிடுங்கிய பின்சீட்டில் கிடைக்கும் சாய்ந்திருந்தார்.

"அண்ணே, நம்ம பிக்கப்புக்கு ஒரு கியர்பாக்ஸ் வேணும்."

"கிடைக்கும்."

"திங்கட்கிழமைக்குள்ள."

"கிடைக்கும். பதிலுக்கு என்ன தர்றீங்க?"

"என்ன வேணும்னு சொல்லுங்க, எப்படியாவது புரட்டிடறேன்."

கிடைக்கும் சிரித்தார். "காசை வெச்சு நான் என்ன பண்றது? கம்பெனியே தயாரிக்காத சாமானுக்கு ஏது விலை? இங்க பொருளுக்குப் பொருள்தான். ஒருத்தர்கிட்ட நல்ல கியர்பாக்ஸ் இருக்கு. அவருக்கு ஹெட் வேணும். உங்க ஹெட் நல்லா இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

"ஹெட்டைக் கொடுத்துட்டு நான் என்ன பண்றது?"

"உங்களுக்கு ஒரு ஹெட் தேவைப்படும்."

"அது கிடைக்குமா?"

"கிடைக்கும்."

மூத்தவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். கியர்பாக்ஸ்தான் குதிரைக் கொம்பு. ஹெட்டுக்கு இவர் யோசிக்காமலே 'கிடைக்கும்' என்கிறார். கியர்பாக்ஸுக்கும் யோசிக்காமல்தான் சொன்னார் என்பது அந்தக் கணக்கில் ஏறவில்லை.

"யாரோட கியர்பாக்ஸ் அது?"

"அதை மட்டும் கேட்காதீங்க. நீங்க யாருன்னு அவரும் கேட்கலை. அதான் நம்ம கடையோட வழக்கம். அப்புறம், என் கமிஷனும் பொருள்தான். உங்க வண்டியில ஒரு ஹார்ன் இருக்குமே?"

"அது வேலை செய்யாதே."

"பரவாயில்லை. கூடவே வலது பக்கக் கண்ணாடியும்."

வேலை செய்யாத ஹார்னை ஒருவர் தலையில் கட்டிய சந்தோஷத்தில் மூத்தவர் விசில் அடித்துக்கொண்டே வீடு திரும்பினார்.

அதே கடையில், அதே பேச்சைக் கேட்டுவிட்டு, அதே விசிலோடு இளையவர் போனது முந்தின நாள். அவர் போட்ட கணக்கு தலைகீழ். ஹெட்தான் குதிரைக் கொம்பு, கியர்பாக்ஸ் எங்கேயும் கிடைக்கும். அவர் கமிஷனாகக் கொடுத்தது ஒரு ஜோடி பின்விளக்கும், கிழிந்த சீட்டும்.

மூத்தவர் ஹெட்டைப் பக்குவமாகக் கழற்றினார். அந்த என்ஜினுக்கு ஒரு சமயம் அவர் பச்சை பெயின்ட் அடித்திருந்தார். ஜன்னல் கம்பிக்கு அடித்தது போக மிச்சம். ஹெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சாக்கில் சுற்றிய கியர்பாக்ஸை ஒரு தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார்.

சாக்கைப் பிரித்தபோது கியர் கம்பியும் சேர்ந்தே வந்திருந்தது. அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் குமிழ். குமிழுக்குள் ஒரு சிவப்பு ரோஜா. திருகிப் பார்த்தார், வரவில்லை. யாரோ பசை போட்டு நன்றாகவே ஒட்டியிருந்தார்கள்.

"முன்னாடி வெச்சிருந்தவன் ரசனையான ஆளுதான். நம்ம சகலை மாதிரி இல்ல," என்றார் மனைவியிடம்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, கிளட்ச் தகட்டுக்கு நடுவில் துடைப்பக் கட்டையைச் சொருகி நேர் பார்த்து, அதை உள்ளே தள்ளி போல்ட்டுகளை முடுக்கினார். நாலு கியரும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தன. என்ஜினுக்குத் தலை இல்லை. ஆனாலும் அவர் சீட்டில் உட்கார்ந்து கியரை மாற்றிக்கொண்டே இருந்தார்.

"இங்க பாருங்க," என்று மனைவி ஒரு போட்டோ எடுத்தாள். ரோஜாக் குமிழின் மேல் கை, முகமெல்லாம் பல். வழக்கம்போல அதைத் தங்கைக்கு அனுப்பினாள். மாப்பிள்ளைகள் பேசிக்கொள்ளாவிட்டால் என்ன? அக்காவும் தங்கையும் காய் நறுக்குவதே போனில் பேசிக்கொண்டுதான்.

உடனே போன் அடித்தது.

"அக்கா, அந்த ரோஜாவைக் கொஞ்சம் பெரிசு பண்ணிப் பாரு."

"ஏன்?"

"அது என்னோடது. வளையல் கடையில வாங்கி, நானே என் கையால ஒட்டினேன். எங்க வீட்டு வண்டியில."

அக்கா போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தாள். பிறகு, "உங்க வீட்டுக்காரருக்கு ஹெட் கிடைச்சுதா?" என்றாள்.

"கிடைச்சாச்சு. மாட்டிட்டு, பக்கத்துல நின்னு ரசிச்சுட்டிருக்கார். வெளிநாட்டு ஹெட்டாம். அதான் பச்சையா இருக்காம்."

அக்கா ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். அதே பச்சை. இருவரும் முதலில் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். பிறகு தங்கைதான் நிறுத்தினாள்.

"அப்படின்னா, போன வாரம் அவர்கிட்ட கியர்பாக்ஸ் இருந்துச்சு, ஹெட் இல்ல. இப்ப ஹெட் இருக்கு, கியர்பாக்ஸ் இல்ல. அவ்வளவுதானே?"

"எங்க வீட்டுலயும் அதேதான்டி. வியாதிய மாத்திக்கிட்டு ரெண்டு பேரும் குணமாயிட்டதா நினைச்சிட்டிருக்காங்க."

"திங்கட்கிழமை போச்சு."

"போகாது. நம்ம ரெண்டு வீட்டு அடுப்பும் அதுல இருக்கு." அக்கா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "இவங்ககிட்ட சொன்னா, யார் யாரை ஏமாத்தினதுன்னு இன்னொரு மாசம் ஓட்டுவாங்க. ரெண்டையும் ஒரே வண்டியில மாட்டணும்."

"யார் வண்டியில? உங்க வண்டியில மாட்டினா எங்க வீட்டுல சாப்பாடு இறங்காது. எங்க வண்டியில மாட்டினா உங்க வீட்டுக்காரர் அந்த மெத்தையை விட்டு எழுந்திருக்க மாட்டார்."

"ரெண்டுலயும் வேண்டாம். அப்பாவோட மூணாவது வண்டி எங்க இருக்கு?"

அன்று மாலையே அக்காவும் தங்கையும் கிடைக்கும் கடைக்குப் போனார்கள். கடைக்குப் பின்னால் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு அந்த வெள்ளைக் கூடு நின்றது. தலையில்லாமல் மிஞ்சியிருந்த என்ஜினின் அடிப்பாகத்தில் ஆயில் ஊற்றி, துரு பிடிக்காமல் வைத்திருந்தார் கிடைக்கும்.

"இது எங்களுக்கு வேணும். ஓடற மாதிரி," என்றாள் அக்கா.

"கிடைக்கும். பதிலுக்கு?"

"மத்த ரெண்டு வண்டியில மிச்சம் இருக்கறது பூரா உங்களுக்கு. ரெண்டும் எங்க பேர்லதான் இருக்கு."

கிடைக்கும், வாழ்க்கையில் முதல்முறையாக, பின்சீட்டை விட்டு எழுந்து நின்றார்.

"ஆனா அந்த ஹெட்டும் கியர்பாக்ஸும் மாப்பிள்ளைங்க கையில இருக்கே, அம்மா."

"அதை வாங்கறது உங்க சாமர்த்தியம். பொய் மட்டும் சொல்லாதீங்க."

"நான் என்னிக்குப் பொய் சொல்லியிருக்கேன்?" என்றார் கிடைக்கும். உண்மைதான். அவர் சொன்னதெல்லாம் ஒரே ஒரு சொல். மற்றதையெல்லாம் வந்தவர்களே கற்பனை செய்துகொண்டார்கள்.

ஹெட் கேட்டு மூத்தவர் மறுபடி வந்தபோது பதில் தயாராக இருந்தது.

"கிடைக்கும். தனியா இல்ல. நல்ல ஹெட், நல்ல கியர்பாக்ஸ், ரெண்டும் ஒண்ணா ஒரே வண்டியில சேரப் போகுது. முழு செட். அதுக்கு உங்க கியர்பாக்ஸை இப்பவே கொண்டாந்து வைக்கணும்."

"ஒண்ணு கொடுத்தா ரெண்டு வருமா?"

"திங்கட்கிழமை காலையில நீங்க உங்க மாமனார் கடைக்குப் பிக்கப்புல போறீங்க. இது என் வாக்கு."

"சகலை?"

"அவர் உங்களை முந்தமாட்டார். அதுக்கும் நான் பொறுப்பு."

மூத்தவருக்கு அந்த இரண்டாவது வாக்குதான் இனித்தது. அரும்பாடுபட்டு மாட்டிய கியர்பாக்ஸை அதே மெத்தையில் இறக்கி, ரோஜாவோடு கொண்டுபோய்க் கொடுத்தார். இந்த முறை கமிஷன் இடது பக்கக் கதவு. மனைவி தடுப்பாள் என்று நினைத்தார். அவளோ, "கொடுங்க, கொடுங்க. ஒண்ணு போனாத்தானே ரெண்டு வரும்," என்று கூடவே ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் தன் பேச்சைக் கேட்டது இதுதான் முதல்முறை என்று அவருக்குப் பெருமை.

இளையவரும் அதே வாக்கை வாங்கிக்கொண்டு பச்சை ஹெட்டைக் கொண்டுபோய் வைத்தார். "எங்க சகலை அண்ணன் என்னை முந்திட மாட்டாரே?" என்று மறக்காமல் கேட்டார். "மாட்டார்," என்றார் கிடைக்கும். அதுவும் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தங்கையும் அப்பா கடையில் சரக்கு எண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். திரும்பி வந்தபோது இருவர் நகக்கண்ணிலும் கிரீஸ் இருந்தது. சோபாவை எண்ணினால் கிரீஸ் எப்படி ஒட்டும் என்று இரண்டு கணவர்களும் கேட்கவில்லை. இருவரும் மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை கிடைக்கும் கடை வாசலுக்கு மூத்தவர் வந்தபோது, அங்கே இஸ்திரி போட்ட இன்னொரு சட்டை நின்றது.

"என்ன சகல, இந்தப் பக்கம்?" என்றார் மூத்தவர்.

"சும்மாதான். ஒரு ஸ்க்ரூ வாங்க வந்தேன். நீங்க?"

"நானும் ஸ்க்ரூதான்."

"சட்டை எல்லாம் பலமா இருக்கு?"

"ஸ்க்ரூ வாங்கறதுன்னா சும்மாவா?"

இருவரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மனதில் ஓடியது இன்னொருவர் முகத்தில் தெரிந்தது. பாவம், இவனுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

கடைக்குப் பின்னாலிருந்து என்ஜின் சத்தம் கேட்டது. கனத்த, சீரான, இருவருக்கும் பழக்கமான சத்தம். இருவரும் ஒரே நேரத்தில் ஓரடி முன்னே வைத்தார்கள்.

வெள்ளைப் பிக்கப் ஒன்று மூலை திரும்பி வந்தது. அதன் இடது கதவு மூத்தவருடையது. பொட்டு அளவுக்கு அவர் சுவரில் உரசிய இடம் அப்படியே இருந்தது. வலது கண்ணாடியும் அவருடையதே. பின்விளக்குகளைப் பார்த்து இளையவர் வாயைத் திறந்தார். சீட்டின் கிழிசலில் புது சோபாத் துணி தைத்திருந்தது. ஸ்டியரிங்கில் அக்கா. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா கடையின் பாதி டெலிவரியை ஓட்டியவள் அவள்தான் என்பது மூத்தவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்தில் தங்கை. நடுவில் ரோஜா.

"நீ எப்படி..." என்றார் மூத்தவர்.

"அது என்னோட பின்விளக்கு!" என்றார் இளையவர்.

"அப்ப அந்தக் கியர்பாக்ஸ்..."

"அந்த ஹெட்..."

இரண்டு சகலைகளும் முதல்முறையாக ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சேர்ந்தாற்போல் கிடைக்கும் பக்கம் திரும்பினார்கள்.

"வாக்கு கொடுத்தீங்களே?"

"பிக்கப்புல போறீங்கன்னு சொன்னேன். எந்த இடத்துல உட்கார்ந்துன்னு நீங்க கேட்கலையே," என்றார் கிடைக்கும். "யாரும் யாரையும் முந்தலை. முழு செட்டும் வந்தாச்சு. ஏறுங்க, நேரமாகுது."

"முன்னாடி இடம் இல்ல," என்றாள் தங்கை. "பின்னாடி ஏறிக்கங்க."

இஸ்திரி போட்ட இரண்டு சட்டைகளும் பின்பக்கம் ஏறின.

மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். உள்ளே இருந்த மகள்களைப் பார்த்தார். மேலே இருந்த மாப்பிள்ளைகளைப் பார்த்தார்.

"இது யார் வண்டி?"

"எங்களோடது," என்றாள் அக்கா.

"ரொம்ப சந்தோஷம். மாடி வீட்டுக்கு மூணு கதவு பீரோ ஒண்ணு போகணும். லிஃப்ட் கிடையாதாம்." அவர் மாப்பிள்ளைகளைப் பார்த்தார். "தூக்கறதுக்கு ஆள் வேணுமே?"

"ஆள் கொண்டாந்திருக்கோம், அப்பா."

மாடிப்படி குறுகலாக இருந்தது. பீரோவின் கீழ்ப்பக்கம் மூத்தவர், மேல்பக்கம் இளையவர். முதல் திருப்பத்தில் பீரோ மாட்டிக்கொண்டது.

"கொஞ்சம் சாய்ங்க, அண்ணே."

"நான் சாஞ்சா கீழ விழுவேன். நீ சாய்."

"ஒண்ணு சொல்லட்டுமா? வண்டி ஓடறது என் கியர்பாக்ஸாலதான்."

"என் ஹெட் இல்லேன்னா உன் கியர்பாக்ஸ் எதைச் சுத்தும்? மெத்தையிலயா?"

"பச்சை பெயின்ட் அடிச்சது நீங்கதானா? வெளிநாட்டுச் சாமான்னு நினைச்சேன். நல்ல வேலைப்பாடு."

மூத்தவர் பீரோவை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சகலையிடமிருந்து பாராட்டு வந்து அவருக்குப் பழக்கமில்லை.

"அந்த ரோஜாவும் பரவாயில்லை," என்றார் கடைசியில். "பிடிக்க வாட்டமா இருந்துது."

பீரோவின் கனம் இருவர் தோளிலும் சரிசமமாக இறங்கியது. அந்த நேரம் பார்த்துத் தெருவிலிருந்து ஒரு ஹார்ன் கணீரென்று நீளமாக அடித்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்? அடுத்த டெலிவரி இருக்கு!" அக்காவின் குரல்.

மூத்தவர் ஒரு படியில் காலை வைத்தபடி நின்றுவிட்டார்.

"என்ன அண்ணே, கனக்குதா?"

"இல்ல," என்றார் மூத்தவர். "அது என் ஹார்ன். என்கிட்ட இருந்தவரைக்கும் ஒருநாளும் அடிச்சதில்ல."